கணிதமேதை இராமாநுஜர்

ஒன்றை அளந்தறிதற்கு மக்கள் அவ்வப்பொருளுக்கேற்ற கருவிகளை வகுத்துக்கொண்டார்கள். பொன்னுக்கு உரைகல்லும், நெல்லுக்கு மரக்காலும், நிலத்துக்குச் சங்கிலியும் ஏற்பட்டவாறே, மாணாக்கருடைய கல்வியை அளத்தற்குப் பரீட்சையும், அதன் பெறுபேற்றைக் காட்டுதற்குப் பட்டமும் ஏற்பட்டன. கருவி பொருளுக்காக உண்டாயதேயன்றிப் பொருள் கருவிக்காக உண்டாயதன்று. இவ்வுண்மை யாவர்க்கும் எளிதிற் புலப்படுவதேயாயினும், நாடோறும் ஒரே கருவியைக் கையாண்டு பழகியவர் அதனை மறந்துவிடுதல் இயல்பு. மரக்காலைக் கையில் வைத்திருப்பவன் பொன்னைக் கண்டபோதும் மரக்காலையே நீட்டுவான்; அது நிரம்பாமை கண்டு பொன்னைக் குறைவுடையதென்று சொல்லியும் விடுவான்.

உபாத்தியாயத் தொழில் பூண்ட நாம் இவ்வாறு நீட்டிய மரக்கால்கள் எத்தனையென்று எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணிப் பார்த்தற்கு உதவும் சரித்திரம் ஒன்று உண்டு. அது கணிதமேதை ஸ்ரீநிவாச இராமாநுஜருடைய சரித்திரம். அவர் பெரும் மேதையென்பதை நம்முடைய மாணாக்கரும் அறிவர். ஆனால், அவரை அளக்க வந்தவர் யார் யார், அவர்கள் எந்த எந்தக் கோலைக் கொண்டு வந்தார்கள், எக்கோல் பொய்த்தது, எக்கோல் மெய்த்தது என்னும் இவற்றை நாம் ஊன்றி நோக்குவதில்லை. அவ்வகையில் அவர் வாழ்க்கையை இங்கே சுருக்கிக் கூறுவாம்.

இராமாநுஜர் 1887 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 22 ஆந் திகதி, தமிழ்நாட்டிலே ஈரோட்டில், தம் தாயைப் பெற்றார் இல்லத்திற் பிறந்தார். தந்தையார் ஸ்ரீநிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு புடைவைக் கடையிற் கணக்கெழுதுபவர். தாயார் கோமளத்தம்மாள் கோயிலிற் பத்திப் பாடல்கள் பாடுதலுடையவர். சாரங்கபாணி சந்நிதித் தெருவிலே ஒரு சிறு வீட்டிற் குடும்பம் வாழ்ந்தது. வறுமை உண்டு, ஆயினும் ஒழுக்கமும் கல்வியில் விருப்பமும் அவ்வீட்டில் நிறைந்திருந்தன.

1897 ஆம் ஆண்டிலே நடந்த ஆரம்பப் பரீட்சையில் இராமாநுஜர் தஞ்சாவூர் மாவட்டத்தில் முதல்வராகத் தேறினார். இதனை நாம் மறவாது குறித்துக்கொள்ளல் வேண்டும். புடைவைக் கடைக் கணக்கர் ஒருவருடைய பிள்ளையை, சிபார்சு செய்வார் ஒருவருமின்றி, மாவட்டத்தின் முன்னணியில் நிறுத்தியது பரீட்சையேயாம். எனவே, பரீட்சை அவருக்குத் தொடக்கத்திற் பகையன்று, துணையேயாம்.

அடுத்த ஆண்டு கும்பகோணம் நகர உயர்நிலைப் பாடசாலையிற் சேர்ந்தார். அங்கே இலோனி என்பவர் இயற்றிய திரிகோண கணித நூலைத் தாமே கற்றுத் தேர்ந்தார். 1903 ஆம் ஆண்டில், பதினைந்து பிராயத்தில், ஜி. எஸ். கார் என்னும் ஆங்கில ஆசிரியர் தொகுத்த பெருநூல் ஒன்று அவருக்கு இரவலாகக் கிடைத்தது. இது கேம்பிறிட்ஜ்ப் பரீட்சைக்கு மாணாக்கரைப் பயிற்றுவதற்கென ஆக்கப்பட்ட நூல். சுமார் ஐயாயிரம் கணித முடிபுகள் அதில் வரிசையாக நிற்கும். அவற்றின் நிறுவல்களோ மிகச் சுருங்கியும் பெரும்பாலும் இல்லாமலும் இருக்கும். பிறர்க்கு அது பரீட்சைக் குறிப்பு. இராமாநுஜருக்கோ திறவாத கதவுகள் நிறைந்த ஒரு மாளிகை. ஒவ்வொன்றையும் தாமே திறந்து உட்புகுந்தார். நூலில் இல்லாத அறைகளையுங் கண்டார்.

கண்டவற்றைக் கற்பலகையில் எழுதி ஆராய்வார். கடதாசிக்குப் பணமில்லை. ஆதலின், கற்பலகையில் வழியை எழுதுவதும், முழங்கையால் அழிப்பதும், இறுதியிற் பெற்ற முடிபை மாத்திரம் குறிப்பேட்டிற் பதிவதும் அவருடைய வழக்கமாயின. வழி அழிந்தது, முடிபு நின்றது. அவர் குறிப்பேடுகள் நிறுவலின்றி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பின்னாளில் அவரை ஐயுற்றவர் இக்காரணத்தை அறியார்.

1904 ஆம் ஆண்டிலே பாடசாலைப் படிப்பை முடித்தபோது கணிதத்துக்குரிய இரங்கநாத ராவ் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர், முழுப் புள்ளிகளும் இம்மாணவனுக்குப் போதாவென்று சபையோர்க்கு எடுத்துரைத்தார் என்பர். தம்முடைய கோல் எட்டாத உயரம் ஒன்று உண்டென்று ஒப்புக்கொண்ட ஆசிரியர் அவர். அவரை நாம் வணங்குவோமாக.

அதன்பின் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்தார். இங்கேதான் இடர் தொடங்கிற்று. எப். ஏ. வகுப்பிலே கணிதத்தோடு ஆங்கிலம் முதலிய பிற பாடங்களிலும் சித்தியெய்துதல் வேண்டும். இராமாநுஜருடைய மனமோ கணிதத்தை விட்டு அகலவில்லை. ஆங்கிலத்திற் சித்தியெய்தாமையால் உபகாரச் சம்பளம் நிறுத்தப்பட்டது. கட்டணஞ் செலுத்த வீட்டிற் பொருளில்லை. 1905 ஆம் ஆண்டிலே ஒருவருக்குஞ் சொல்லாது விசாகபட்டினத்துக்குச் சென்றுவிட்டார். 1906 இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்து மீண்டும் முயன்றார், அவ்வாண்டிலும் தவறினார். 1907 இல் தனிப் பரீட்சார்த்தியாகத் தோற்றியும் தவறினார். உடற்றொழில் நூல் முதலிய பாடங்கள் அவரைக் கீழே தள்ளின.

இவ்விடத்து நாம் நடுநிலை தவறாது பேசுதல் வேண்டும். பரீட்சகர் பொய் சொல்லவில்லை. இராமாநுஜர் அப்பாடங்களில் வேண்டுமளவு தேர்ச்சி பெறவில்லை என்பது மெய்யே. ஆனால், கேட்கப்பட்ட வினா ஒன்று. அதற்குக் கிடைத்த விடையைக் கொண்டு தீர்க்கப்பட்ட வினா வேறொன்று. உடற்றொழில் நூலில் இவருக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்டுப் பெற்ற விடையினால், கணிதத்தில் இவரை ஆதரிக்கலாமோ என்னும் வினா முடிக்கப்பட்டது. எந்த அலுவலரும் தீமை நினைக்கவில்லை. ஒவ்வொருவரும் விதியில் உள்ளபடியே செய்தனர். ஆயினும், இருபது பிராயத்து இளைஞர் ஒருவர் பட்டமின்றி, தொழிலின்றி, சில வேளைகளில் உணவுமின்றித் திரிந்தார். 1909 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அவருக்கு ஜானகியம்மாளோடு விவாகம் நடந்தது. குடும்பப் பாரமும் சேர்ந்தது. குறிப்பேடு மாத்திரம் கையை விட்டு நீங்கவில்லை.

அக்குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு 1910 ஆம் ஆண்டிலே திருக்கோயிலூருக்குச் சென்றார். அங்கே டிப்டி கலெக்டராயிருந்தவர் வி. இராமசுவாமி ஐயர். இவர் 1907 ஆம் ஆண்டிலே இந்தியக் கணித சங்கத்தைத் தொடங்கியவர். இராமாநுஜர் வேண்டியது ஒரு சிறு எழுதுவினைஞர் உத்தியோகமே. இராமசுவாமி ஐயர் அவரிடத்திற் பட்டப் பத்திரத்தைக் கேளாது குறிப்பேட்டைத் திறந்து பார்த்தார். பார்த்தபின், இத்தகைய ஒருவரைத் தம் அலுவலகத்தின் அடிப்படியிலே அமர்த்துவது அவருடைய ஆற்றலை அவித்துவிடுவதாகும் எனக் கருதி, உத்தியோகங் கொடாது, சென்னையிலுள்ள கணித அறிஞருக்கு அறிமுகஞ் செய்து அனுப்பினார். கேட்டதைக் கொடாமையும் சிலபோது பேருதவியாதலை இதனால் அறியலாம்.

அவ்வழியே நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் அவர்களைச் சென்று கண்டார். இராமச்சந்திர ராவ் எடுத்தவுடன் நம்பிவிடவில்லை. வந்தவர் தாம் எழுதியவற்றின் பொருளைத் தாமே அறிந்தவரோ என்று ஐயுற்றார். ஐயுற்றும் கதவை அடைத்துவிடாது, மீண்டும் மீண்டும் வரச் செய்து, எளியவற்றிலிருந்து அரியவற்றுக்குப் படிப்படியாக விளக்கச் செய்து, ஈற்றில் ஐயந் தெளிந்தார். தெளிந்தபின் மாதம் 25 ரூபா தம் கைப்பொருளினின்றுங் கொடுத்து, ஆராய்ச்சியைத் தொடருமாறு செய்தார். 1911 ஆம் ஆண்டிலே இராமாநுஜருடைய முதலாவது ஆராய்ச்சிக் கட்டுரை, பேர்ணூலி எண்களைப் பற்றியது, இந்தியக் கணித சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது.

பிறர் பொருளில் நெடுங்காலம் வாழ்தலை இராமாநுஜர் விரும்பவில்லை. 1912 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதலாந் திகதி சென்னைத் துறைமுகக் கழகத்திலே கணக்குப் பகுதியில் மாதம் 30 ரூபாச் சம்பளத்தில் எழுதுவினைஞராக அமர்ந்தார். அங்கே தலைவராயிருந்தவர் பொறியியல் அறிஞர் சேர் பிரான்சிஸ் ஸ்பிறிங். அவருக்கு அடுத்த நிலையில் அலுவல் நடத்தியவர் கணிதம் வல்ல நாராயண ஐயர். இருவரும் இவருடைய பெருமையை உணர்ந்து, இவரை அறியத்தக்கார்க்கு அறிவிக்க முயன்றனர்.

அம்முயற்சியின் பயனாக 1912 ஆம் ஆண்டின் இறுதியிலே இலண்டன் பேராசிரியர் ஹில் என்பவரிடத்துக்கு இவருடைய முடிபுகள் சில அனுப்பப்பட்டன. அவற்றுள் ஒன்று, ஒன்று முதலாக எல்லா எண்களையும் முடிவின்றிக் கூட்டிவரின் பெறுவது பன்னிரண்டில் ஒன்றாகிய எதிர்க்கணியம் என்பது. சிறு பிள்ளையும் இதனைக் கேட்டு நகைக்கும். கூட்டக் கூட்டப் பெருகும் தொகை குறையெண் ஆவது எங்ஙனம்? ஹில் நல்லவர்; கடிதத்தை வீசிவிடாது, இன்ன நூலைப் பயில்க என்று அறிவுரையும் எழுதினார். ஆயினும், முடிவிலாத் தொடர்களைக் கையாளும் விதிகளை அறியாமையால் நேர்ந்த பிழை இது என்று முடிவு செய்தார். விதியை நோக்கின் அவர் கூறியது பொருத்தமே. அம்முடிபின் உட்பொருளை அவர் நோக்கவில்லை.

இனி, 1913 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 16 ஆந் திகதி இராமாநுஜர் கேம்பிறிட்ஜ் திரினிற்றிக் கல்லூரியிலிருந்த ஜி. எச். ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். அதற்கு முன்னரே அங்குள்ள கணித அறிஞர் இருவருக்கு எழுதியும் பயன்பெறவில்லை என்பர். தாம் சருவகலாசாலைக் கல்வி பெறாதவர் என்பதையும், துறைமுகக் கழகத்திற் சிறு சம்பளம் பெறும் எழுதுவினைஞர் என்பதையும் கடிதத்தின் தொடக்கத்திலேயே மறையாது கூறினார். பின்னே பக்கம் பக்கமாகத் தேற்றங்கள் நின்றன, நிறுவல்கள் இல்லை.

ஹார்டிக்கு அப்போது பிராயம் 35. பெயரறியாத ஒருவரிடமிருந்து வந்த கடிதத்தைப் புறக்கணிப்பது அவருக்கு எளிது. அவரைக் குறைகூறுவார் ஒருவரும் இரார். அவரோ மாலையில் தம் நண்பர் இலிற்றில்வூட்டை அழைத்து, இருவருமாக அமர்ந்து, ஒவ்வொரு முடிபாக ஆராய்ந்தனர். சில முன்னரே பிறர் கண்டவை. சில அரிதின் முயன்றால் நிறுவக்கூடியவை. தொடர்பின்னங்களைப் பற்றிய சிலவோ அவர்கள் எந்நூலினும் காணாதவை. இத்தகையவற்றைப் பொய்யாகப் புனைதற்கும் பெரும் புலமை வேண்டுமாகலின், இவை மெய்யாகவே இருத்தல் வேண்டும் என்று துணிந்தனர். பெப்ருவரி மாதம் 8 ஆந் திகதி ஹார்டி மறுமொழி எழுதினார். ஹில் பிழையென்று தள்ளிய அந்த எதிர்க்கணியமும் இராமாநுஜர் அவருக்கு எழுதிய கடிதத்தில் வந்தது. அது சாதாரணக் கூட்டலன்று; 1859 ஆம் ஆண்டிலே இறீமான் என்னும் செருமானியக் கணிதர் ஆராய்ந்த ஒரு சார்பின் மதிப்பேயாம் என்பது ஹார்டிக்கு விளங்கும். அதே எழுத்துக்களில் ஒருவர் பிழையைக் கண்டார். மற்றொருவர் பொருளைக் கண்டார்.

இங்கே ஒன்று சொல்லாது விடுதல் தகாது. ஹார்டி கண்ணை மூடிக்கொண்டு புகழ்ந்தவரல்லர். பகா எண்களின் தொகையைப் பற்றி இராமாநுஜர் கூறிய முடிபு பிழையென்பதை அவர் உணர்ந்தார். அதனைப் பிழையென்றே கொண்டார். நிறுவல்களை அனுப்புமாறும் வற்புறுத்தி எழுதினார். ஏனெனில், பட்டம் என்பது கணிதத்துக்குப் புறத்தே நிற்கும் அடையாளம். நிறுவல் என்பதோ கணிதத்தின் உயிர். புறத்தே நின்றதை ஹார்டி பொருட்படுத்தவில்லை, உயிராயதை விட்டுக்கொடுக்கவுமில்லை. பொருளின் தகுதியை நோக்குதல் என்பது இரக்கத்தாற் புள்ளியைக் கூட்டுதலன்று. அது விதியை நோக்குதலினும் கடுமையான பரீட்சையாம். விதியை நோக்குவோனுக்கு விதிப்புத்தகம் போதும். பொருளை நோக்குவோனுக்கு அப்பொருளைப் பற்றிய அறிவும், ஒரு மாலைப்பொழுதின் உழைப்பும் வேண்டும்.

ஹார்டியின் கடிதம் வந்த அம்மாதத்திலேயே, இந்திய வானிலை ஆராய்ச்சித் துறைத் தலைவராயிருந்த கில்பேட் உவாக்கர் என்னும் கணித அறிஞர் சென்னைக்கு வந்து, இராமாநுஜருடைய குறிப்பேட்டைப் பார்வையிட்டார். பார்த்து, இவர் உத்தியோகக் கவலையின்றி ஆராய்தற்கு உதவுமாறு சென்னைச் சருவகலாசாலைக்கு எழுதினார். சருவகலாசாலையிலோ ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் எம். ஏ. பட்டம் பெற்றவர்க்கே உரியது. இராமாநுஜரோ எப். ஏ. பரீட்சையிலும் தேறாதவர். விதி தெளிவாகவே எதிர்நின்றது. அப்போது உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர், இச்சருவகலாசாலையை நிறுவிய சட்டத்தின் முகவுரையை எடுத்துக் காட்டி, ஆராய்ச்சியை வளர்த்தல் இதன் நோக்கங்களுள் ஒன்றன்றோ என வினவினார் என்று சரித்திரகாரர் கூறுவர். விதியைக் கடத்தற்கு வழி விதியின் நோக்கத்திலேயே இருந்தது. 1913 ஆம் ஆண்டு மே மாதந் தொடக்கம் மாதம் 75 ரூபா வீதம் இரண்டு ஆண்டுக்கு உபகாரச் சம்பளம் வழங்கப்பட்டது. இருமுறை எப். ஏ. யிலே தவறியவர் அச்சருவகலாசாலையின் ஆராய்ச்சி மாணவராயினார்.

1914 ஆம் ஆண்டின் தொடக்கத்திற் சென்னைக்கு வந்த கேம்பிறிட்ஜ் அறிஞர் நெவில், இராமாநுஜரை இங்கிலாந்துக்கு வருமாறு இணங்குவித்தார். கடல் கடத்தலைப் பற்றிய குலாசாரத் தடையும் தாயாரின் சம்மதத்தால் நீங்கிற்று. சருவகலாசாலை ஆண்டுக்கு 250 பவுண் வழங்கியது. மார்ச்சு மாதம் 17 ஆந் திகதி நெவாசா என்னுங் கப்பலிற் புறப்பட்டு, ஏப்பிரில் மாதத்தில் இலண்டன் சேர்ந்தார். கேம்பிறிட்ஜிலே ஆராய்ச்சி மாணவராதற்கு முன்னரே பெற்ற பட்டமோ தராதரப் பத்திரமோ வேண்டும். அவ்விதியையும் அங்குள்ளோர் இவர் பொருட்டு நெகிழ்த்தனர்.

இராமாநுஜரை எவ்வாறு கற்பிப்பது என்பது ஹார்டிக்குப் பெருஞ் சிக்கலாயிற்று. உலகங் காணாத முடிபுகளைக் கண்டவர் கல்லூரி மாணாக்கர் அறிந்த சிலவற்றை அறியாதிருந்தார். முறைப்படி முதலிலிருந்து கற்பிக்கப் புகின் அவருடைய ஊக்கங் கெடும். கற்பியாது விடின் பிழைகள் நீங்கா. ஆதலின், வேண்டியவிடத்து வேண்டியவற்றை மாத்திரம் எடுத்துச் சொல்லி, மற்றவற்றில் அவரை அவர் வழியே செல்லவிட்டார். தாம் கற்பித்ததினும் தாம் கற்றதே மிகுதியென்று பின்னர் ஹார்டியே ஒப்புக்கொண்டார். ஆசிரியராகிய நாம் இதனினும் சிறந்த போதனாமுறைப் பாடத்தை எங்கே கற்போம்?

1915 ஆம் ஆண்டிலே வகுத்திகள் மிகப் பலவாயுள்ள எண்களைப் பற்றி இராமாநுஜர் எழுதிய நீண்ட கட்டுரை வெளிவந்தது. அதன் பொருட்டு 1916 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கேம்பிறிட்ஜ் அவருக்கு ஆராய்ச்சியாற் பெறும் பி. ஏ. பட்டம் வழங்கியது. பட்டம் இருந்தாற் கணிதஞ் செய்யலாம் என்றிருந்த நிலை மாறி, கணிதஞ் செய்ததனாற் பட்டம் தானே வந்தது.

1918 ஆம் ஆண்டிலே ஹார்டியும் அவரும் சேர்ந்து வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியை வகுப்பிலே மாணாக்கர்க்கும் விளக்கலாம். நான்கு என்னும் எண்ணை, நான்கு எனவும், மூன்றும் ஒன்றும் எனவும், இரண்டும் இரண்டும் எனவும், இரண்டும் ஒன்றும் ஒன்றும் எனவும், நான்கு ஒன்றுகள் எனவும் ஐந்து வகையாகப் பிரிக்கலாம். பத்தைப் பிரிக்கும் வகை 42. நூற்றைப் பிரிக்கும் வகை 190,569,292. எண் வளர வளர இத்தொகை அளவின்றிப் பெருகும். இதனைக் கணித்தற்கு இருவரும் ஒரு சூத்திரத்தைக் கண்டனர். மக்மேகன் என்பவர் 200 என்னும் எண்ணுக்குரிய தொகையைக் கையினாலே கணக்கிட்டு 3,972,999,029,388 எனப் பெற்றார். சூத்திரத்தின் முதல் எட்டு உறுப்புகளைக் கூட்டியபோது அதே தொகை .004 அளவு வேறுபாட்டோடு மாத்திரம் வந்தது. கண்டவர் வியந்தனர்.

அக்காலம் முதலாவது மகாயுத்த காலம். மரக்கறி உணவு தவிர வேறொன்றும் உண்ணாத இராமாநுஜருக்கு வேண்டும் பொருள்கள் கிடைத்தல் அரிதாயிற்று. குளிரும் தனிமையும் ஓயா உழைப்பும் சேர்ந்தன. 1917 ஆம் ஆண்டு தொடக்கம் நோயுற்று ஆரோக்கியசாலைகளில் நாளைக் கழித்தார். அவ்வாண்டிலே திரினிற்றிக் கல்லூரி உறுப்பினர் தெரிவில் அவருக்கு வெற்றி கிட்டவில்லை. ஆனால் 1918 ஆம் ஆண்டிலே றோயல் சொசைற்றி எனப்படும் அரச கழகம் அவரை உறுப்பினராகத் தெரிந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில் திரினிற்றிக் கல்லூரியும் தெரிந்தது. அக்கல்லூரியில் அந்நிலை பெற்ற முதல் இந்தியர் அவரேயாவர்.

1919 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தாய்நாட்டுக்குத் திரும்பினார். உடல் தேறவில்லை. நோய்ப்படுக்கையிலும் கணிதத்தை விடாது, போலித் தீற்றாச் சார்புகள் என்னும் புதியனவற்றைக் கண்டு 1920 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஹார்டிக்கு எழுதினார். அவ்வாண்டு ஏப்பிரில் மாதம் 26 ஆந் திகதி சென்னைச் சேத்துப்பட்டிலே, தமது 32 ஆம் பிராயத்தில், இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவர் எழுதி வைத்தவற்றின் வலிமை அவர்க்குப் பின்னரும் பரீட்சிக்கப்பட்டு வந்தது. 1916 ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் நிறுவலின்றி அவர் கூறிய ஓர் ஊகத்தை 1974 ஆம் ஆண்டிலே டெலீன் என்னும் பெல்சிய நாட்டுக் கணிதர் நிறுவினார். குறிப்பேடுகளின் படி 1957 ஆம் ஆண்டிலே அச்சாயிற்று. 1976 ஆம் ஆண்டிலே அமெரிக்க அறிஞர் ஆண்டுரூஸ், அவருடைய இறுதியாண்டு எழுத்துத் தாள்கள் திரினிற்றிக் கல்லூரி நூல்நிலையத்திற் கிடந்தவற்றைக் கண்டெடுத்தார். குறிப்பேடுகளிலுள்ள மூவாயிரத்துக்கு மேற்பட்ட முடிபுகளை ஒவ்வொன்றாய் ஆராய்ந்து, பேண்ட் என்னும் அறிஞர் 1985 முதல் 1998 வரை ஐந்து பாகங்களாக வெளியிட்டார். அவற்றுட் பிழைபட்டவை மிகச் சிலவே. போலித் தீற்றாச் சார்புகளின் உள்ளியல்பு 2002 ஆம் ஆண்டிலேதான் விளங்கத் தொடங்கிற்று.

இச்சரித்திரத்தைப் பயின்றபோது எம் நெஞ்சை உறுத்திய பழைய நிகழ்ச்சி ஒன்றையும் இங்கே கூறிவிடுகின்றோம். பல ஆண்டுகளுக்கு முன், நாம் திருத்திய கேத்திரகணித விடைத்தாள் ஒன்றிலே ஒரு மாணவன் பாடநூலிலில்லாத வழியால் ஒரு தேற்றத்தை நிறுவியிருந்தான். படிகள் நூலிலுள்ளபடி இல்லாமையால் நாம் அதனைச் சிவப்பு மையால் வெட்டினோம். இரவிலே அது நினைவுக்கு வர, எழுந்திருந்து ஆராய்ந்தோம், அவன் வழி பிழையற்றது, நூல்வழியினும் குறுகியது. அதற்குள் புள்ளிப் பட்டியல் போய்விட்டது; பின்னர்த் திருத்துதற்கு விதியில்லையென்று நாமே நமக்குச் சொல்லிக்கொண்டு வாளா இருந்தோம். அடுத்த தவணையில் அவன் நூலிலுள்ளபடியே எழுதினான். அவன் திருந்தினானென்று அன்று மகிழ்ந்தோம். அவன் இழந்தது இன்னதென்று இன்று அறிகின்றோம். பிழை விதியினதன்று, எம்முடையதே.

ஆதலின், பரீட்சை வேண்டாவென்று நாம் சொல்ல வரவில்லை. பரிந்து பேசுவாரில்லாத ஏழைப் பிள்ளைக்கு அதுவே துணையென்பதை இராமாநுஜருடைய பத்தாம் பிராயமே காட்டும். ஹார்டியும் கேம்பிறிட்ஜிலே மாணாக்கரைப் புள்ளிவரிசைப்படி நிறுத்தும் வழக்கத்தை எதிர்த்தவரேயன்றிக் கணிதத்தின் கண்டிப்பை எதிர்த்தவரல்லர். அவ்வரிசைப் பட்டியல் 1909 ஆம் ஆண்டோடு ஒழிந்தது. நாம் வேண்டுவது இவ்வளவே: விதியும் பொருளும் ஒத்துநிற்குமிடத்து விதியைப் பின்பற்றுவோம், அவை மாறுபடுமிடத்து, விதி எதற்காக ஏற்பட்டதென்று ஒருகாற் கேட்டு, பொருளைத் திறந்து பார்ப்போம். தகுதியிருப்பின் தகுதியுண்டென்போம், பிழையிருப்பின் பிழையென்போம். திறவாமலே தீர்ப்புச் சொல்லற்க.

திருக்கோயிலூரிலே ஒரு டிப்டி கலெக்டர் ஒரு குறிப்பேட்டைத் திறந்திராவிட்டால், அக்குறிப்பேடு ஏதோ ஒரு பழங்கடதாசிக் கட்டோடு அழிந்திருக்கும். நம் மேசைமீது ஒவ்வொரு தவணையிலும் நூற்றுக்கணக்கான தாள்கள் வந்து குவிகின்றன. அவற்றுள் எது எத்தகையதென்பது திறந்து பார்ப்பவர்க்கே தெரியும்.